உறையூர்ச் சுருட்டும் அதன் ஈரமும்

திருச்சியில் ஒரு மே மாதத்தை முழுசாகக் கழித்தவர்களுக்கு அந்த ஊர் வெயிலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் படிகளில் மதியம் வெறுங்காலோடு ஏறிப் பார்த்தால் போதும். அந்த வெயில் கொஞ்சம் தணிந்ததும் வருவது ஆடிக்காற்று. அது ஊரில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இப்படிப்பட்ட ஊரில், ஈரம் கொஞ்சம் குறைந்தாலும் நொறுங்கிப் பொடியாகிவிடுகிற ஒரு இலையை வைத்துத் தொழில் செய்து, அதை லண்டன் வரைக்கும் கப்பலேற்றி, உலகப் புகழ் பெற முடியுமா? முடிந்திருக்கிறது. குளிர்சாதன இயந்திரம் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னாலேயே!

அந்தப் பொருளின் பெயர் சுருட்டு. ஆங்கிலேயர்கள் அதை 'செரூட்' என்றார்கள். இது நம் 'சுருட்டு' என்ற சொல்லேதான். 'சுருட்டு' போர்த்துகீசியர் வாயில் 'சாருதோ' ஆகி, ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 1886-இல் யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி இதன் தமிழ் மூலத்தைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறது. கட்டுமரம், மிளகுத்தண்ணி என்று ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்களின் பட்டியலைச் சொல்லிப் பெருமைப்படும்போது பலரும் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். புகையிலை சம்பந்தப்பட்டது என்பதாலோ என்னவோ!

ஊரின் பெயரும் சேர்ந்தே பயணம் போனது. 'டிரிச்சினாப்பொலி' என்றால் அந்தக் கால இங்கிலாந்தில் இரண்டு பொருள். ஒன்று இந்த ஊர், இன்னொன்று இந்த ஊர்ச் சுருட்டு. செல்லமாக 'டிரிச்சி' என்று சுருக்கியும் அழைத்தார்கள். (டிரிச்சினாப்பொலி சங்கிலி என்று நகைத் தொழிலில் ஒரு பின்னல் வகை உண்டு. ஐரோப்பாவில் வைக்கிங் காலத்துப் புதையல்களில் அதே மாதிரிப் பின்னல் கிடைத்தபோது, தொல்லியலாளர்கள் அதற்கும் நம் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அது தனிக்கதை.)

1887-இல் வெளிவந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில்தான் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாக உலகுக்கு அறிமுகமானார். அந்த முதல் வழக்கிலேயே, கொலை நடந்த அறையில் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துவிட்டு, கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். சாம்பல் கருமையாகவும் செதில் செதிலாகவும் இருந்தது என்பதே அவருக்குக் கிடைத்த தடயம். 1890-இல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலிலும் திருச்சிச் சுருட்டின் கரிய சாம்பல் பேச்சில் வருகிறது. விளக்கமே தேவைப்படாத அளவுக்கு ஆங்கில வாசகனுக்கு அந்தச் சுருட்டு பழகிப் போயிருந்தது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

சர்ச்சில் உறையூர்ச் சுருட்டைத்தான் பிடித்தார் என்பது திருச்சிக்காரர்கள் விட்டுக்கொடுக்காத கதை. அவர் 1896 முதல் பெங்களூரில் இளம் ராணுவ அதிகாரியாக இருந்தவர் என்பது உண்மை. தென்னிந்தியச் சுருட்டு அவர் கைக்கு எட்டாமல் இருந்திருக்காது. ஆனால் பிற்காலத்தில் அவருடைய விருப்பம் கியூபா சுருட்டுகள்தான் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். ஆகவே இந்தக் கதையை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்ச்சில் பிடிக்காவிட்டாலும் உறையூர்ச் சுருட்டின் பெருமை ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வெயிலில் இது எப்படி நடந்தது?

புகையிலைச் செடியிலிருந்து அப்போதுதான் பறித்த இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். அந்த நீர் வெளியேற வேண்டும், ஆனால் அவசரப்பட்டு வெளியேறக்கூடாது. பறித்த பிறகும் இலை சில நாட்கள் உயிரோடு இருக்கிறது. தன்னிடமுள்ள மாவுச்சத்தைத் தானே தின்று, பச்சையம் கரைந்து, மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகிறது. காற்று மிகவும் வறண்டிருந்தால் இலை பச்சையாகவே காய்ந்து செத்துவிடும். அதைப் பற்றவைத்தால் புல் எரிகிற நாற்றம்தான் வரும். காற்றில் ஈரம் மிகுந்தாலோ இலை அழுகும், பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து. அதற்குள் இலையைப் பல வாரங்கள் நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

இதற்குத் தமிழில் 'பாடம் போடுதல்' என்று பெயர். 'பாடம் பண்ணின புகையிலை' என்று பழைய மளிகைக் கடைகளில் கேட்டு வாங்குவார்கள். இலைக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி! இன்னொரு சொல் 'பதம்'. கையில் எடுத்தால் துணிபோல் துவள வேண்டும், பிழிந்தால் நீர் கசியக்கூடாது, மடித்தால் முறியக்கூடாது. இன்று சுருட்டுச் சேகரிப்பவர்கள் ஈரமானி வைத்த பெட்டிகளில் ஒப்பு ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குள் நிறுத்த மெனக்கெடுகிறார்கள். உறையூர்க்காரர்களிடம் இருந்த கருவி விரல் நுனி. பாகு காய்ச்சுகிறவருக்கும் பானை வனைகிறவருக்கும் இருக்கிற அதே கருவி.

உறையூரில் புகையிலை விளையவில்லை. இலை வந்தது திண்டுக்கல் பக்கத்திலிருந்து. ஊசிக்கப்பல், வாரக்கப்பல் என்று அந்த ரகங்களுக்குப் பெயர். ஊசிபோல் ஒடுங்கிய இலையுடையது ஒன்று, அகன்ற இலையுடையது இன்னொன்று. சுமார் 100 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்த இலை, 1870-களில் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை போட்ட பிறகு ரயிலேறியது. நாகப்பட்டினத் துறைமுகத்தையும் திருச்சியையும் இணைக்கும் பாதை 1860-களிலேயே வந்துவிட்டது. ஒரு பக்கம் இலை வர ஒரு பாதை, மறு பக்கம் சுருட்டு போக ஒரு பாதை. நடுவே உட்கார்ந்திருந்த ஊருக்கு அதிர்ஷ்டம் அடித்ததில் வியப்பில்லை. போதாததற்கு ஊரிலேயே ஒரு பெரிய ராணுவக் குடியிருப்பு. புகை பிடிக்கும் சிப்பாய்கள் வீட்டு வாசலிலேயே இருந்தார்கள். அவர்கள் இடம் மாறிப் போன ஊர்களுக்கெல்லாம் சுருட்டின் பெயரையும் கொண்டு போனார்கள்.

காய்ந்த இலையை அப்படியே சுருட்ட முடியாது. அம்பாரமாக அடுக்கிப் புழுங்க விட வேண்டும். இங்கேதான் வெப்பம் உள்ளே வருகிறது. லேசான ஈரத்தோடு அடுக்கிய இலைக் குவியல் தானாகவே சூடேறும், வைக்கோற்போர் உள்ளுக்குள் சூடாவதுபோல. குவியலின் நடுவே 50 பாகை செல்சியசையும் தாண்டும். அதை அப்படியே விட்டுவிட்டால் இலை கருகி வீணாகும். எனவே பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். மறுபடி சூடேறும், மறுபடி பிரிப்பார்கள். குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்து, பிரிக்க வேண்டிய நேரத்தைச் சொல்கிற ஆளுக்குத் தனி மதிப்பு. அந்த ஒரு நாள் தவறினால் போட்ட முதலெல்லாம் போச்சு.

இந்தப் புழுக்கத்தில்தான் வாசனை பிறக்கிறது. பிறப்பதற்கு முன் நாற்றம் ஒன்று வெளியேறியாக வேண்டும். இலையிலுள்ள புரதங்கள் சிதைந்து அம்மோனியா கிளம்பும். கண்ணைக் கரிக்கும், மூக்கைத் துளைக்கும். அது போகப் போக, கீழே அடங்கியிருந்த இனிய மணம் மேலே வரும். சில இடங்களில் வெல்லம் கரைத்த நீரைத் தெளிப்பதும் உண்டு. தமிழ்நாட்டுப் புகையிலைத் தொழிலில், முக்கியமாக மெல்லுகிற புகையிலையில், இது பழைய வழக்கம். வெல்லம் இனிப்புக்காக மட்டும் போடப்படுவதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அச்சுவெல்லம் கசிகிறதே, அதே குணம்தான். ஆடிக்காற்றில் இலை முறியாமல் காத்ததில் அதற்கும் பங்குண்டு.

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வேறு வழியில் போனார்கள். அடைத்த கொட்டிலுக்குள் இலைகளைத் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டையை எரித்துப் புகையூட்டிப் பதப்படுத்தினார்கள். சூடு, ஈரம், மணம் மூன்றும் ஒரே அடுப்பில்! அந்தப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் நெடுங்காலம் பெரிய சந்தை இருந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டின் வரலாறு உறையூரைவிட நீளமானது, தனியாக எழுத வேண்டியது.

சுருட்டு உறையூரில் ஏன் நிலைகொண்டது என்று கேட்டால், இலையும் ரயிலும் மட்டும் பதிலாகாது. உறையூர் சோழர்களின் பழைய தலைநகரம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளூஸ், 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணிகளைக் குறிப்பிடுகிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெசவுக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவு நெசவாளி எல்லோருக்கும் தெரியும். காற்று வறண்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். டாக்காவில் மஸ்லின் நூல் நூற்றவர்கள் பனி ஈரம் காயாத விடியற்காலையில்தான் நூற்றார்கள். நம்மவர்கள் குழித்தறி போட்டார்கள். தரையைத் தோண்டிக் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்யும்போது, பாவு தரையை ஒட்டி நிற்கிறது. மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் நூலைத் தொட்டபடியே இருக்கிறது. பக்கத்தில் உய்யக்கொண்டான் வாய்க்கால், சற்று வடக்கே காவிரி. மண் தரை, தாழ்ந்த ஓட்டுக்கூரை, சின்னச் சன்னல். நெசவாளிக்கு ஏற்ற வீடு சுருட்டுக்காரருக்கும் ஏற்ற வீடாகத்தான் இருந்திருக்கும். (அதே உறையூரில் வெக்காளியம்மன் மட்டும் கூரையே வேண்டாமென்று வெட்டவெளியில் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு இருக்கிறாள்!)

அடைத்த அறையின் ஈரத்தையும் மணத்தையும் கட்டிக் காப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கமும் புதிதல்ல. ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளின் திருமேனி கல்லால் ஆனதில்லை, சுதையால் ஆனது. எனவே மூலவருக்கு நீரால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான் சாற்றுகிறார்கள். நறுமணப் பொருள்கள் சேர்த்துக் காய்ச்சிய அந்தத் தைலம் சுதையின் மேல் ஒரு தோல்போல் படிந்து அதைக் காக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆண்டு முழுதும் ஈரம் ஊறும் ஒரு தீவில், சன்னலில்லாத கருவறையில் சுதை உருவம் நிலைத்திருப்பது சாதாரண விஷயமா?

வளர்க்கும் இடத்தையே கட்டுப்படுத்துவது இன்னொரு படி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில விவசாயிகளுக்கு 1900 வாக்கில் ஒரு கவலை வந்தது. சுருட்டின் மேலுறைக்குச் சுமத்ரா தீவின் மெல்லிய இலையைத்தான் எல்லோரும் கேட்டார்கள். சுமத்ராவின் மூட்டமான, ஈரமான காற்றுக்கு அவர்கள் எங்கே போவது? வயல் முழுதும் கம்பங்களை நட்டு, மேலே துணியை விரித்துக் கூடாரமாக்கினார்கள். உள்ளே வெயில் குறைந்தது, ஈரம் கூடியது, இலை பட்டுப்போல் மென்மையானது. இது பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடப்பட்டது.

திருச்சி, குளித்தலை, கரூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் இதைக் கேட்டால் லேசாகச் சிரிப்பார். அவர் கம்பமும் நடுவதில்லை, துணியும் விரிப்பதில்லை. முதலில் அகத்தியை விதைக்கிறார். அகத்தி ஓரளவு எழும்பியதும் அதன் காலடியில் வெற்றிலைக் கொடியை நட்டு, வாழைநாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போகிறார். அகத்தி சுமார் 4 மீட்டர் உயர்ந்தால் நுனியை வெட்டிவிடுவார். வெயில் அதிகமான மாதத்தில் கிளையை விட்டுவைப்பார், மூட்டமான மாதத்தில் கழித்துவிடுவார். வரப்பையொட்டிய வாய்க்காலில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது கொடிக்காலுக்குள் நுழைந்தால் வேறு ஊருக்குள் வந்த மாதிரி இருக்கும். சுவரும் கூரையும் உயிருள்ள மரங்களால் ஆன ஒரு அறை அது. கழித்த அகத்திக்கீரை ஆட்டுக்கு. ஆனால் இதிலும் அதே குறுகிய சந்துதான். ஈரம் கூடிக் காற்றோட்டம் குறைந்தால் வாடல் நோய் புகுந்து ஒரு மழைக்காலத்திலேயே கொடிக்காலைக் காலி செய்துவிடும்.

இயந்திரக் குளிர்சாதனமும் உண்மையில் மனிதர்களுக்காகப் பிறந்ததில்லை. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில், ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்பதற்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது அது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நெசவாலைப் பொறியாளர். அவருக்கும் நூல் அறுவதுதான் பிரச்சினை. அதாவது காகிதத்துக்கும் நூலுக்கும் வசதி செய்துகொடுத்த பிறகுதான் மனிதனின் முறை வந்தது.

சுருட்டுத் தொழிலிலும் மனிதனின் முறை கடைசியில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் வரவேயில்லை. யோசித்துப் பாருங்கள்: இலை காயக்கூடாது என்று காற்றை அடைத்தால், அம்மோனியாவும் புகையிலைத் தூசியும் எங்கே போகும்? உள்ளே உட்கார்ந்து சுருட்டுகிறவரின் மூச்சுக்குள்தான். ஈரமான புகையிலையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நிகோடின் தோல் வழியாக உடலுக்குள் போகும். தலைசுற்றல், வாந்தி வரும் என்பதை மருத்துவம் இன்று தெளிவாகச் சொல்கிறது. இலைக்குப் பதம் பார்த்தவர்கள் தங்கள் உடம்புக்குப் பதம் பார்த்துக்கொள்ள வழியில்லை. லண்டன் சீமானின் அறையில் நல்ல மணம் கமழ, உறையூரில் ஒருவர் நாற்றத்தைச் சுவாசித்தார். இந்தத் தொழிலின் பெருமை பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகின்றன. கியூபாவிலும் உழைப்பு கடுமைதான். ஆனால் அங்கே 1865 முதல் சுருட்டுக்கூடங்களில் ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டும் வழக்கம் இருந்தது.

சுருட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. திருச்சிச் சுருட்டு இரு முனையும் திறந்தது, ஆகவே ஈரம் இரு பக்கமும் ஓடிப்போகும். அதோடு ஒரு எதிரியும் உண்டு. புகையிலை வண்டு என்று ஒரு சின்னப் பழுப்பு நிற வண்டு. குளிர்நாட்டில் அது மந்தமாக இருக்கும். 25 பாகைக்கு மேல் போனால் உற்சாகமாகிவிடும். திருச்சியில் அது ஆண்டு முழுதும் உற்சாகம்தான்! சுருட்டைக் குடைந்து ஊசித் துளை போட்டுவிட்டால் அதை யாரும் வாங்கமாட்டார்கள். இதனால்தான் பெட்டி மரத்தைப் பார்த்துத் தேர்ந்தார்கள். கியூபாவில் செடார். இந்தியாவில் அதன் சொந்தக்கார மரமான சந்தன வேம்பு சுருட்டுப் பெட்டிக்குப் பேர் போனது. லேசான மரம், ஈரத்தை வாங்கி மெல்ல விடும், அதன் மணம் சுருட்டின் மணத்தைக் கெடுக்காது.

ஹோம்ஸ் கண்ட கருஞ்சாம்பலுக்குக் காரணம் என்ன? ஹோம்ஸ் சொல்லவில்லை. பொதுவாக இலையில் பொட்டாசியம் நிறைய இருந்தால் சீராக எரிந்து வெளிறிய சாம்பல் தரும். குளோரைடு மிகுந்தால் சரியாக எரியாது, அணைந்து அணைந்து கரியும். உப்புக் கிணற்று நீர் பாய்ந்த இலையில் குளோரைடு ஏறும். திண்டுக்கல் பக்கத்துக் கிணறுகளின் சுவை தெரிந்தவர்கள் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். 1948-இல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று தொடங்கிய மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கேள்விகளைத்தான் எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானம் வந்து சேர்ந்தபோது வாங்குகிறவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

1947-க்குப் பிறகு சரிவு வேகமானது. ராணுவமும் கிளப்புகளும் காலியாயின. உள்ளூர்க்காரர் மலிவான பீடிக்குப் போனார், காசுள்ளவர் சிகரெட்டுக்குப் போனார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய ஸ்பென்சர் போன்ற பெரிய கையே அதை விட்டுவிட்டது. 1960-களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிலையம் வந்தது. மாதச் சம்பளம் கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தூசிக்குள் உட்கார எந்தப் பிள்ளை வரும்? 2003-இல் புகையிலைப் பொருள்களுக்கான சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை. அந்தச் சட்டங்கள் வந்தது நல்லதுக்குத்தான். சுருட்டும் புற்றுநோய் தரும், அதில் சமாதானம் பேச இடமில்லை.

2010-களில் செய்தியாளர்கள் உறையூருக்குத் தேடிப் போனபோது இந்தத் தொழில் ஒரு சில இடங்களில்தான் மிஞ்சியிருந்தது. சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். சிறுவயதில் இலையைத் தொட்டுப் பழகிய விரல்கள். அந்த விரலுக்குத் தெரிந்த பதத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. வேடசந்தூர் அறிக்கைகளில் பாகையும் சதவீதமும் இருக்கின்றன; குவியலுக்குள் கையை விட்டு 'நாளைக்குப் பிரிக்கலாம்' என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்பது அவற்றில் இல்லை.